போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி

"மச்சி, சார்ஜ் ஏறல."

எங்கள் ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒரு தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரி. அதை வைத்து யாரும் மருந்து எழுத முடியாது. பிளக்கைச் செருகினால் ஒரு லைட்டும் எரியாத லேப்டாப் வேறு. சார்ஜரில் நன்றாக ஓடிக்கொண்டே பேட்டரியை மட்டும் ஏற்றாத லேப்டாப் வேறு. வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுவது வேறு. 40 சதவீதம் காட்டிவிட்டுப் பொட்டென்று அணைந்து போவது வேறு. 80க்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நிற்பது வேறு, அது பெரும்பாலும் நோயே கிடையாது. ஐந்துக்கும் இடம் வேறு, செலவும் வேறு. ஆனால் ஐந்துக்கும் வெளியே கிடைக்கிற பதில் பல சமயம் ஒன்றுதான்: "போர்டு போச்சு தம்பி."

போன செமஸ்டரில் என் ரூம்மேட்டுக்கு அந்தப் பதில் கிடைத்தது. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதனால் ரூம்மேட் என்றே வைத்துக்கொள்வோம். அவன் சிஎஸ்இ, நான் இஇஇ. இரண்டு பேரும் ஃபைனல் இயர். அவன் லேப்டாப் செகண்ட் ஹேண்ட். ஃபர்ஸ்ட் இயரில் அவன் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து 22,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தது. அந்தக் கடனை அடைத்து முடித்தே ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்து கட்டிலில் லேப்டாப் பையைப் போட்டான். "சார்ஜிங் ஐசி போயிடுச்சாம். போர்டு மாத்தணுமாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மூணு நாள் ஆகுமாம்." சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவனுக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட். ஒரு கம்பெனி, ஒரே வாய்ப்பு, வெப்கேமரா ஆன் செய்து அவரவர் லேப்டாப்பில் எழுத வேண்டும். பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான். அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். "காலையில கடை திறந்ததும் தோடை வெச்சுட்டு அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அமைதியாக உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "ஒரு ராத்திரி டைம் குடுடா, பார்ப்போம்" என்றேன். எனக்குப் பெரிய ரிப்பேர் அனுபவம் எல்லாம் இல்லை. ஆனால் யாருமே அளந்து பார்க்காமல் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது. "கடைக்காரர் என்னடா செஞ்சு பார்த்தார்?" என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "எங்க சார்ஜரைப் போட்டார், ஏறல. அவர்கிட்ட இருந்த, பின் மாத்தி மாத்திப் போடுற யுனிவர்சல் சார்ஜரைப் போட்டார், அதுலயும் ஏறல. ரெண்டுலயும் ஏறலைன்னா போர்டுதான்னு சொல்லிட்டார்."

கேட்டால் சரியாகத்தான் தோன்றும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

முதலில் சுவர். சிரிக்காதீர்கள். எங்கள் ரூமில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு லேப்டாப், மூன்று போன், ஒரு டேபிள் ஃபேன். பிளக் பாயின்ட் லூசாக இருந்தால் அடாப்டருக்குக் கரன்ட் விட்டு விட்டு வரும். எக்ஸ்டென்ஷனை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகினோம். அடாப்டரில் இருக்கிற எல்இடி எரிந்தது. லேப்டாப் ஆன் ஆனது. பேட்டரி 6 சதவீதம், "பிளக்டு இன், நாட் சார்ஜிங்."

அடுத்து அடாப்டர் மேலே ஒட்டியிருக்கிற லேபிள். அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 65 வாட். வேறு சார்ஜரைக் கடன் வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் பார்க்க வேண்டிய வரி இது. வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. லேப்டாப் தனக்கு வேண்டிய கரன்ட்டை மட்டும்தான் இழுக்கும், அதனால் 90 வாட் அடாப்டர் 65 வாட் லேப்டாப்பை எரித்துவிடாது. 45 வாட் அடாப்டரைப் போட்டால்தான் அடாப்டர் மூச்சு வாங்கும்.

லேபிளில் எழுதியிருப்பது உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் வேண்டும். எங்கள் மெஷின்ஸ் லேப் அண்ணா சாயங்காலம் 6 மணி வரை இருப்பார். ஓடிப் போய்க் கேட்டேன். மீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் இருக்கா? அதுல மட்டும் படாம அளப்பா. உள்சுவர் பாசிட்டிவ், வெளிப்பக்கம் நெகட்டிவ். 19 வோல்ட் அந்த ஊசிக்குப் போச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது."

டிசி, 200 வோல்ட் ரேஞ்ச். 20 ரேஞ்சில் வைத்தால் அளவு கொஞ்சம் தாண்டினாலும் மீட்டர் வெறும் 1 காட்டி நிற்கும். ஒரு புரோபை உள்சுவரில் சாய்த்து, இன்னொன்றை வெளியே வைத்தேன். 19.5. வயரை ஆட்டிப் பார்த்தோம், அளவு அசையவில்லை. ஒரு எச்சரிக்கை: லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை மட்டும் வைத்து அடாப்டருக்கு நல்ல சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. சும்மா இருக்கும்போது 19.5 காட்டிவிட்டு, வேலை கொடுத்ததும் படுத்துவிடுகிற அடாப்டர்கள் உண்டு. ஆனால் எங்களிடம் இன்னொரு சாட்சி இருந்தது. 6 சதவீத பேட்டரியோடு லேப்டாப் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அடாப்டரிலிருந்து கரன்ட் வருகிறது, ஜாக் அதை வாங்குகிறது, போர்டும் எடுத்துக்கொள்கிறது. பேட்டரிக்குப் போகிற பாதை மட்டும் ஏதோ காரணத்தால் மூடியிருக்கிறது.

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு, அதையும் செய்தோம். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிப்பது. போர்டில் மிச்சமிருக்கிற சார்ஜ் இறங்கி, பவரைக் கவனித்துக்கொள்கிற சின்ன கன்ட்ரோலர் சில சமயம் தெளிந்து எழுந்துவிடும். பலருக்கு இதிலேயே சரியாகியிருக்கிறது. எங்களுக்கு ஆகவில்லை.

அப்போதுதான் ரூம்மேட் சும்மா ஒரு வார்த்தை சொன்னான். "சார்ஜ் ஏறாததுகூடப் பரவால்லடா, ஒரு வாரமா ரொம்ப ஸ்லோ. டெஸ்ட்ல கம்பைல் ஆகறதுக்குள்ள டைம் முடிஞ்சிரும்."

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர் வேகத்தைப் பார்த்தோம். 0.79 கிகாஹெர்ட்ஸ். என்ன திறந்தாலும், எதை மூடினாலும் 0.79. சாதாரணமாக 2க்கு மேல் ஓட வேண்டிய பிராசசர் அது. சார்ஜ் ஏறாததற்கும் ஸ்லோவாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் நினைத்திருந்தான், கடையிலும் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்திருக்கின்றன. ஒரே நாளில் வந்த இரண்டு தொல்லைகளுக்கு ஒரே காரணம் இருக்குமா என்று முதலில் பார்ப்பதுதான் நியாயம்.

ரீஸ்டார்ட் செய்து எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனோம். பேட்டரி பற்றிய பக்கத்தில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒரே வார்த்தை: "அன்னோன்."

விஷயம் இதுதான். சில கம்பெனி லேப்டாப்களில் சார்ஜர் பிளக்கில் இரண்டு தொடர்பு கிடையாது, மூன்று. பாசிட்டிவ், நெகட்டிவ், நடுவில் அந்த ஊசி. கரன்ட் அது வழியாக வருவதில்லை. அடாப்டர் "நான் இத்தனை வாட்" என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கான லைன் அது. பதில் வந்தால் லேப்டாப் முழு வேகத்தில் ஓடும், பேட்டரியையும் ஏற்றும். பதில் வராவிட்டால், எதிரில் இருப்பது 45 வாட்டா 90 வாட்டா என்று தெரியாத நிலையில், ஓவர்லோடு ஆகிவிடக் கூடாது என்று இரண்டு காரியம் செய்யும். பேட்டரி சார்ஜிங்கை நிறுத்தும். பிராசசரைக் கழுத்தைப் பிடித்து அமுக்கும். ஐடி கார்டு இல்லாமல் வந்தவனை கேட்டில் நிறுத்தி வைக்கிற செக்யூரிட்டி மாதிரி. செக்யூரிட்டி கெட்டுப் போகவில்லை, அவர் வேலையைத்தான் பார்க்கிறார்.

இப்படி ஆனால் ஆன் செய்யும்போதே திரையில் ஒரு எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை. பயாஸில் தேடினோம், "அடாப்டர் வார்னிங்ஸ்" என்ற செட்டிங் ஆஃபில் இருந்தது. ரூம்மேட் அந்தப் பக்கமே போனதில்லை. முன்னால் இந்த லேப்டாப்பை வைத்திருந்த யாரோ அணைத்து வைத்திருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதல் நாளே பயாஸில் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுங்கள்.

இனி சந்தேகம் மூன்று இடத்தில்தான். அடாப்டருக்குள், வயரில், அல்லது லேப்டாப் பக்கம் இருக்கிற ஜாக்கிலும் போர்டிலும். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே கம்பெனி, அதே பின், 65 வாட் அடாப்டர் ஒன்று வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரு ஜூனியரிடம் இருந்தது. "அண்ணா, ஒன்பது மணிக்குள்ள குடுத்துருங்க, அசைன்மென்ட் இருக்கு" என்று கொடுத்தான்.

செருகினோம். இரண்டு விநாடி. சார்ஜிங் சின்னம் வந்தது. டாஸ்க் மேனேஜரில் 0.79 ஒரே தாவலில் 2.4 ஆனது. ரூம்மேட் திரையை விட்டுக் கண் எடுக்காமல், "டேய்" என்று மட்டும் சொன்னான்.

போர்டுக்கு ஒன்றும் இல்லை. ஜாக்குக்கும் ஒன்றும் இல்லை. பழைய அடாப்டரைத் திரும்ப எடுத்து, பிளக்குக்குப் பக்கத்தில் வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்துச் செருகிப் பார்த்தோம். மூன்றாவது தடவை பயாஸ் "65 வாட்" என்று காட்டியது. வயரை நேராக்கித் திரும்பச் செருகினால் மறுபடியும் "அன்னோன்." மூன்று வயரில் மெலிசான அந்த நடு வயர், பிளக்கின் கழுத்துக்குக் கீழே உள்ளேயே அறுந்திருக்கிறது. கட்டிலில் படுத்தபடி மடியில் வைத்து வேலை செய்யும்போது தினமும் மடங்குகிற இடம் அதுதான்.

இப்போது கடைக்காரர் செய்த சோதனைக்கு வருவோம். அவர் போட்ட யுனிவர்சல் சார்ஜர் அந்த நடு ஊசியில் பதில் சொல்லாத ரகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் சார்ஜரில் லைன் அறுந்திருந்தது, அவருடையதில் அந்த லைனில் பேச ஆளே இல்லை. இரண்டிலும் ஒரே விளைவு வந்ததால் போர்டு மேல் பழி விழுந்தது. மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் மாற்றிப் போடும் பொருள் அதே வகை என்றும், நல்ல நிலையில் இருக்கிறது என்றும் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் எட்டு பேர் நிற்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளக்க அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் 9,500 ரூபாய் கொடுத்துப் போர்டை மாற்றியிருந்தாலும் எங்கள் சார்ஜரில் சார்ஜ் ஏறியிருக்காது. அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

அன்று ராத்திரி எட்டே முக்காலுக்கு அவன் ஸ்பீக்கரில் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, போர்டு நல்லா இருக்கும்மா. சார்ஜர் வயர்தான்."

"அப்ப எவ்வளவு ஆகும்?"

"புது சார்ஜர் ஆயிரத்து முந்நூறு வரும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தோடைக் கழட்டி வெச்சுட்டேனேடா" என்றார்கள்.

"போட்டுக்கம்மா."

"அந்தக் கூடப் படிக்கிற தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். சாப்பிட்டிருக்கவில்லை. மெஸ் மூடியிருந்தது.

பிளக்கை வெட்டிப் புது பின் சால்டர் செய்யலாமா என்று யோசித்தோம். முடியும்தான். ஆனால் 3 ஆம்பியருக்கு மேல் ஓடுகிற வயர், சரியாக இன்சுலேட் ஆகாவிட்டால் சூடாகும். டெஸ்ட்டுக்கு முன்னால் அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை வரை ஜூனியரின் சார்ஜரைப் பங்கு போட்டுக்கொண்டோம். சென்னைக்குப் போயிருந்த ஒரு டே ஸ்காலர் திங்கள்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து புதிது வாங்கி வந்தான். அங்கே பாதி விலைக்கும் கிடைக்கிறது. வாங்கும்போது பின் அளவும் வோல்டேஜும் மட்டும் பார்த்தால் போதாது. லேபிளில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணோடு பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியாவில் லேப்டாப் அடாப்டருக்கு அது கட்டாயம். நடு ஊசி உள்ள மாடல் என்றால் கடையிலேயே செருகி, பயாஸ் வாட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அடாப்டரை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். சுவரில் வருகிற 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது அதன் உச்ச அளவுக்கு, அதாவது சுமார் 325 வோல்ட்டுக்கு, ஒரு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகியிருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சார்ஜை வைத்திருக்கலாம். ஃபர்ஸ்ட் இயரில் ரூட் இரண்டால் பெருக்கி மார்க் வாங்கினோமே, அதே கணக்குதான். அங்கே விரலில் மார்க் போடும்.

சார்ஜர் விஷயம் முடிந்த பிறகு பேட்டரியையும் பார்த்துவிட்டோம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து "பவர்சிஎஃப்ஜி", ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, "பேட்டரிரிப்போர்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபைல் வரும். அதில் இரண்டு எண் முக்கியம். டிசைன் கெப்பாசிட்டி, புதிதாக இருந்தபோது கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, இன்று கொள்ளளவு. அவனுக்கு 42,000 மில்லிவாட்-மணி இருந்த இடத்தில் 25,200. அதாவது 60 சதவீதம். நூறு என்று திரை காட்டினாலும் அது பழைய அறுபதுதான். 40 காட்டிவிட்டுப் பொட்டென்று அணைகிற லேப்டாப்களின் கதையும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், செல்கள் தளர்ந்து லோடைத் தாங்க முடியாமல் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது.

லித்தியம் அயன் பேட்டரி கடைக்கு வந்தது 1991ல். அதை உருவாக்கிய மூவருக்கு 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃப்க்கு அப்போது வயது 97. அவர் அளவுக்கு பேட்டரி உழைக்காது. சூடும், எப்போதும் நூறிலேயே நிற்பதும் அதற்கு ஆகாது. அதனால்தான் பல லேப்டாப்களில் 80 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்துகிற செட்டிங் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் லேப்டாப் 80ல் நின்றால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் அந்த செட்டிங்கைப் பாருங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்றுப் போகிற வழி அடைத்துவிடும். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். அது கடைக்குப் போக வேண்டிய கேஸ்தான்.

புது லேப்டாப் வாங்கிய ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. யூஎஸ்பி சி சார்ஜிங்கிலும் இதே பேச்சுவார்த்தை நடக்கிறது. 5 வோல்ட்டில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 9, 15, 20 என்று ஏறும். வயரும் அதில் ஒரு ஆள். 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் கேபிளுக்குள் ஒரு அடையாளச் சிப் இருக்க வேண்டும். போன் கேபிளைப் போட்டுவிட்டு லேப்டாப் மெதுவாக ஏறுகிறது என்று திட்டுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ரூம்மேட் டெஸ்ட் எழுதினான். முதல் சுற்றில் பாஸ், இன்டர்வியூவில் போய்விட்டது. அடுத்த கம்பெனிக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான். அவன் தோற்றது ஒரு ட்ரீ கேள்வியில். அதை உட்கார்ந்து படித்தால் சரி செய்துவிடலாம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு 30 ரூபாய் போட்டு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். இரண்டாம் மாடி வாட்டர் கூலருக்கு எதிர் ரூமில் இருக்கும். கூடவே ஒரு நோட்டு. யார் லேப்டாப், என்ன தொல்லை, என்ன அளந்தோம், எங்கே முடிந்தது என்று எழுத வேண்டும். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று அடாப்டர், இரண்டு ஜாக், ஒரு பேட்டரி. ஒன்று மட்டும் நிஜமாகவே போர்டு.

எந்த பிளாக்காக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் மாற்றி வைத்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.